இமயம் காணாத இமயப் பூனை

தாய்நாட்டை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்கு மாளிகைகளில் குடியிருக்கும் நம்மவர்களில் பலர், அண்டை வீட்டு வாயிலில் ஒரு விசித்திரமான பூனையைக் கண்டிருப்பீர்கள். மேனி முழுவதும் சந்தனத்தைக் குழைத்துப் பூசியது போன்ற வெளிர் நிறம். முகமும் செவிகளும் கால்களும் வாலும் மட்டும் கரும்பழுப்பு. கண்கள் இரண்டும் ஆழ்ந்த நீலம். உரோமமோ தரையைப் பெருக்கும் அளவுக்கு நீளம். இது என்ன பூனை என்று கேட்டால், "ஹிமாலயன்" என்று வீட்டுக்காரர் சற்றுப் பெருமையோடு சொல்வார். மலைக் குளிரில் பிறந்த சாதி; ஆகையால்தான் இவ்வளவு உரோமம் என்று விளக்கமும் கூறுவார். கேட்பதற்கு எவ்வளவோ பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அது உண்மையன்று. இந்தப் பூனைக் குலத்தின் முன்னோர் எவரும் இமயமலையைக் கண்டதில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பெயர்ச் சொற்களிடம் எப்போதும் ஓர் ஐயம் உண்டு. வினைச் சொல் பெரும்பாலும் பொய் சொல்லாது. பெயர்ச் சொல் கூசாமல் சொல்லும். "ஹிமாலயன்" என்பதை "இமயப் பூனை" என்று தமிழாக்கினால் சொல் சரியாக இருக்கும், பொருள் பிழையாகிவிடும். அந்தப் பெயர் மலையிலிருந்து வந்ததன்று. ஒரு முயலிடமிருந்து வந்தது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் "ஹிமாலயன் முயல்" என்று ஒரு வகை வளர்க்கப்பட்டது. வெண்மையான உடல், மூக்கு, செவி, பாதம், வால் ஆகியவை மட்டும் கருமை. அதே நிற அமைப்பு இந்தப் பூனையிடமும் காணப்பட்டதால், அமெரிக்கர்கள் முயலின் பெயரைப் பூனைக்குச் சூட்டினார்கள். ஆங்கிலேயர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. நுனிகளில் நிறமுடையது என்னும் பொருள்பட "கலர்பாயிண்ட்" என்று பெயரிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பூனையின் பெற்றோர் குலங்கள் இரண்டு. உரோமத்தைக் கொடுத்தது பாரசீகப் பூனை. நிறத்தைக் கொடுத்தது சயாமியப் பூனை. இவற்றுள் சயாமியப் பூனையின் பெயர் மெய்யானது. சயாம் என்று முன்னர் வழங்கிய தாய்லாந்து நாட்டின் பழைய ஓவியச் சுவடிகளிலேயே இதன் உருவம் இருக்கிறது. மரபணு ஆராய்ச்சியும் அதனைத் தென்கிழக்கு ஆசியப் பூனைகளின் உறவென்றே காட்டுகிறது. பாரசீகப் பூனையின் கதை வேறு. 2008-ஆம் ஆண்டில் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இன்று பாரசீகப் பூனை என்று வழங்கப்படுபவை மேற்கு ஐரோப்பியத் தெருப் பூனைகளுக்கே நெருங்கியவை என்று கண்டது. கீழ்நாடுகளிலிருந்து எப்போதோ நீண்ட உரோமப் பூனைகள் ஐரோப்பாவுக்குச் சென்றது மெய்தான். ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஐரோப்பிய வளர்ப்பில் அந்த இரத்தம் கரைந்துவிட்டது. ஆக, இமயத்தின் பெயர் தாங்கிய பூனை இமயத்தைச் சேர்ந்ததன்று. பாரசீகப் பெயருடைய அதன் ஒரு பாட்டி பாரசீகத்தைச் சேர்ந்தவள் அல்லள்.

இனி, அந்த நிறம் எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் வரப்போகும் செய்திக்கு இதுவே அடிப்படை.

உரோமத்துக்குக் கருநிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதனை உண்டாக்க டைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும. சயாமியப் பூனையின் மரபணுவில் ஏற்பட்ட ஒரு சிறு மாறுதலால், அதன் டைரோசினேஸ் வெப்பத்தைத் தாங்காத நொதியாகிவிட்டது. உடலின் நடுப்பகுதியில் உள்ள வெப்பத்தில் அது வேலை செய்வதில்லை. செவி, மூக்கு, பாதம், வால் போன்ற நுனிகள் சற்றுக் குளிர்ந்திருப்பவை. அங்கே மட்டும் வேலை செய்கிறது. ஆகையால் உடல் வெளிறியும் நுனிகள் கருத்தும் இருக்கின்றன. தாயின் வயிற்றில் எங்கும் ஒரே வெப்பம் அல்லவா? அதனால் இக்குட்டிகள் பிறக்கும்போது முழு வெண்மையாகவே பிறக்கின்றன. பிறந்த சில நாட்களுக்குப் பின்னர்தான் காது விளிம்பிலும் மூக்கிலும் மெல்ல நிறம் ஏறத் தொடங்குகிறது. முயலுக்கும் இதே கதைதான், இதே மரபணுதான். ஹிமாலயன் முயலின் முதுகில் ஒரு பகுதியை மழித்து, அங்கே பனிக்கட்டிப் பையைக் கட்டிவைத்தால், புதிதாக முளைக்கும் உரோமம் கருப்பாக முளைக்கும். சயாமியப் பூனைகளில் இத்தகைய சோதனைகளை மாஸ்கோவில் செய்து 1930-ல் வெளியிட்டார்கள்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. ஒரே தாய் ஈன்ற இரண்டு குட்டிகளில் ஒன்றைச் சென்னையிலும் மற்றொன்றைச் சிம்லாவிலும் வளர்த்தால், சிம்லாக் குட்டியே கருத்திருக்கும். இமயப் பூனையை மெய்யாகவே இமயத்துக்குக் கொண்டுபோனால், அதன் சந்தன மேனி மங்கிக் கண்காட்சியில் மதிப்பெண் குறையும்!

இந்த நிறத்தையும் நீண்ட உரோமத்தையும் ஓருடலில் சேர்ப்பது எளிதாக முடிந்த செயலன்று. 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் கீலர் என்னும் மரபியலாரும், விர்ஜினியா காப் என்னும் பூனை வளர்ப்பாளரும் இம்முயற்சியில் இறங்கினார்கள். சயாமியப் பூனையையும் கருநிறப் பாரசீகப் பூனையையும் இணைத்தார்கள். பிறந்த குட்டிகள் அனைத்தும் குட்டை உரோமமும் முழுக் கருநிறமும் உடையவையாகவே பிறந்தன. தாயின் சிறப்பும் இல்லை, தந்தையின் சிறப்பும் இல்லை. மரபியல் அறியாதவர் அந்த நொடியே மனமுடைந்து விட்டிருப்பார். ஆனால் நுனிநிறமும் நீள் உரோமமும் ஒடுங்கு பண்புகள். இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேர்ந்தாலன்றி அவை வெளிப்படா. அக்கருங்குட்டிகள் இரண்டு பண்புகளையும் மறைவாகத் தாங்கியிருந்தன. அவற்றைத் தமக்குள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் நுனிநிறம் வெளிப்பட நாலில் ஒரு வாய்ப்பு. நீள் உரோமம் வெளிப்பட நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டும் ஒரே குட்டியிடம் கூடிவர 16-ல் ஒரே ஒரு வாய்ப்பு. ஓர் ஈற்றுக்கு நாலு குட்டி என்று வைத்துக்கொண்டால் நாலு ஈற்றுக்கு ஒரு குட்டியை எதிர்பார்க்கலாம்; உறுதி கூறமுடியாது. அவ்வாறு பல இணைப்புகளுக்குப் பின், 1935-ல் ஒரு பெண்குட்டி பிறந்தது. "நியூட்டன்ஸ் டெபுடான்ட்" என்று பெயரிட்டார்கள்.

ஆனால் அது உரோமத்தாலும் நிறத்தாலும் மட்டுமே புதியது. உடற்கட்டு சயாமியக் கட்டு. மெலிந்த மேனி, நீண்ட முகம். பாரசீகப் பூனையின் உருண்டைத் தலையும் குட்டைக் கால்களும் அகன்ற மார்பும் வேண்டுமென்றால், மீண்டும் பாரசீகப் பூனையோடு இணைக்கவேண்டும். இணைத்தவுடன் நுனிநிறம் மறைந்துவிடும்! அந்தக் குட்டிகள் வளர்ந்து, தக்க துணையோடு கூடிய பின்னர்தான் நிறம் மீளும். ஆக, உருவத்தில் ஒரு படி முன்னேற இரண்டு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தக் குட்டி எந்தப் பண்பை மறைவாகத் தாங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாது. பதிவேட்டைப் பார்த்தே அறியவேண்டும். குலப்பதிவு என்பது பெருமைக்காக எழுதி வைத்த பட்டயம் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பூனையைப் பொறுத்தவரை அது வேலைக்கான கருவி.

இங்கிலாந்தில் பிரையன் ஸ்டெர்லிங் வெப் என்பவர் 1947 முதல் இப்பணியைப் பொறுமையோடு செய்துவந்தார். 1955-ல் அந்நாட்டுப் பூனைச் சங்கங்களின் ஆட்சிமன்றம் இவ்வகையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் மார்கரிட்டா கோஃபோர்த் என்னும் அம்மையாரின் முயற்சியால் 1957-ல் ஏற்பு கிடைத்தது. 1984-ல் அமெரிக்கப் பூனை வளர்ப்போர் சங்கம் இதனைத் தனி இனமென்று வைத்திராமல், பாரசீக இனத்தின் ஒரு நிறப் பிரிவாகச் சேர்த்துவிட்டது. பாரசீகப் பூனை வளர்ப்போரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் குலத்தில் சயாமியக் கலப்பு நுழைகிறதே என்று வருந்தினார்கள். தங்கள் பாரசீகமே பாரசீகமன்று என்பது அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கண்காட்சிக்கு வருவோம். பெரும் பூனைக் கண்காட்சிகளுக்குத் தொடக்கம் 1871-ஆம் ஆண்டு ஜூலை மாதம், லண்டன் பளிங்கு மாளிகையில் ஹாரிசன் வீர் என்னும் ஓவியர் நடத்தியது. ஆங்கிலேயரின் நெடுங்கால வழக்கப்படி, பூனையைக் கூண்டில் வைத்துவிட்டு உரிமையாளர் விலகிவிட வேண்டும். கூண்டில் வெள்ளைப் போர்வை, வெள்ளைத் தண்ணீர்க் கிண்ணம். யாருடைய பூனை என்று காட்டும் அடையாளம் ஒன்றும் கூடாது. நடுவரே கூண்டு கூண்டாக வருவார். அமெரிக்க வழக்கில் நடுவர் தம் மேசையில் நிற்பார். உரிமையாளர் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவார். எல்லார் கண்ணெதிரிலும் நடுவர் அதனைத் தூக்கிப் பார்த்து, வாலை நீவி, ஓர் இறகை ஆட்டிக் கண்ணின் நீலத்தைப் பார்ப்பார். நாலு மாதம் நிறைந்து எட்டு மாதம் நிறையாதவை குட்டிகள் பிரிவில் வரும். வளர்ந்தவற்றில், இனவிருத்திக்குரியவை ஒரு பிரிவு, கருத்தடை செய்தவை ஒரு பிரிவு.

அமெரிக்கச் சங்கத்தின் அளவுகோலில் மொத்த மதிப்பெண் 100. தலைக்கு, அதாவது கண்ணும் செவியும் உட்பட, 30. உடற்கட்டுக்கு 20. உரோமத்துக்கு 10. நிறத்துக்கு 20, இதில் மேனி நிறத்துக்குப் பாதி, நுனி நிறத்துக்குப் பாதி. கண்ணின் நிறத்துக்கு 10. எஞ்சிய 10 பொதுவான ஒழுங்குக்கும் நயத்துக்கும். அதாவது மேனி எவ்வளவு வெளிறியிருக்கிறதோ, நுனி எவ்வளவு ஆழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு நன்று. ஆனால் வயது ஏற ஏற இப்பூனையின் மேனியும் மெல்லக் கருத்துவிடுகிறது. ஆகையால் கண்காட்சி வாழ்க்கை குறுகியது. நாள்தோறும் எஃகுச் சீப்பால் வாரவேண்டும். ஒருநாள் விட்டால் அக்குளில் சிக்கு விழும். காட்சிக்கு முன் எண்ணெய்ப் பசை போகும்படி குளிப்பாட்டவேண்டும். உலர்த்துவதற்கே பல மணி நேரம் ஆகும். கண்ணிலிருந்து வடியும் நீரால் முகத்தில் கறை படியாமல் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவையும் சகிக்கும் இப்பூனையின் அமைதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனிச் சொல்லப்போவது சற்று வருத்தமான பகுதி.

பாரசீகக் குலத்தில் ஒரு சிறுநீரக நோய் பரவியிருந்தது. பிறக்கும்போதே சிறுநீரகத்தில் நுண்ணிய நீர்க்கட்டிகள் இருக்கும்; ஆண்டுதோறும் அவை பெருத்துச் சிறுநீரகத்தை விழுங்கும். நுனிநிறத்தைப் போல இது ஒடுங்கு பண்பன்று, ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வந்துவிடும். ஆனால் நோய் வெளிப்படுவது நடுவயதில். பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டி. அதற்குள் அந்த ஆண்பூனை பரிசுகள் பெற்று, புகழ் பெற்று, பல வீடுகளில் குட்டிகளுக்குத் தந்தையாகியிருக்கும். புகழ் எவ்வளவு பெரிதோ, நோயின் பரப்பும் அவ்வளவு பெரிது. பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில், சோதிக்கப்பட்ட பாரசீகக் குலப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேலாகவும் இந்நோய் காணப்பட்டது.

நோயை முன்கூட்டியே அறிய வழி இருந்தது. பூனைக்குப் பத்து மாதம் ஆனபின் மீயொலிக் கருவியால் வயிற்றைப் பார்த்தால் கட்டிகள் தெரியும். ஆனால் அவ்வாறு பார்க்க வயிற்று உரோமத்தை மழிப்பது வழக்கம். மழித்த இடத்தில் தோல் குளிரும். குளிர்ந்த இடத்தில் அந்த நொதி விழித்துக்கொள்ளும். சந்தன மேனியில் கரிய திட்டாக உரோமம் முளைக்கும். அடுத்த முறை உரோமம் உதிர்ந்து மாறும்வரை அத்திட்டு இருக்கும். மற்ற நிறப் பாரசீகப் பூனைகளின் உரிமையாளருக்கு மழித்த உரோமம் வளரும் வரை காத்திருந்தால் போதும். ஹிமாலயன் உரிமையாளருக்கு அதற்குமேல் நிறமும் கெடும். ஏற்கெனவே குறுகிய கண்காட்சி வாழ்க்கையில் ஓர் ஆண்டை யார் இழப்பார்? பூனையின் சிறுநீரகத்துக்கும் அதன் மேனி நிறத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. எத்தனையோ நல்லவர்கள் சிறுநீரகத்தின் பக்கமே நின்றார்கள். எல்லாரும் நின்றார்கள் என்று கூறுவதற்கில்லை.

2004-ல் அமெரிக்காவில் லெஸ்லி லையன்ஸ் என்னும் அறிஞரும் அவரது குழுவினரும் இந்நோய்க்குக் காரணமான மரபணு மாறுதலைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஓர் உரோமத்தையும் தொடவேண்டியதில்லை. குட்டிப் பருவத்திலேயே அறிந்துவிடலாம். இச்சோதனை பரவிய நாடுகளில் நோயுள்ள பூனைகளின் விகிதம் குறைந்து வந்திருக்கிறது. சாக்குச் சொல்ல இடமில்லாமற் செய்வதும் விஞ்ஞானத்தின் உதவிகளுள் ஒன்று போலும்!

முகத்தின் செய்தி இவ்வளவு எளிதாகத் தீரவில்லை. 1950-களில் ஏற்புப் பெற்ற ஹிமாலயன் பூனைகளின் படங்களைப் பார்த்தால், அவற்றுக்கு மூக்கென்று சொல்லத்தக்க மூக்கு இருந்தது. பாரசீக உருவத்தை நாடி நாடி, தலைமுறை தலைமுறையாக முகத்தைக் குறுக்கியதில் மூக்கு இரு கண்களுக்கும் நடுவே ஏறிவிட்டது. முகம் குறுகும்போது கண்ணீர் நாளம் மடிகிறது. அதனால்தான் கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. பற்கள் நெருங்குகின்றன, நாசித் துளை ஒடுங்குகிறது, குட்டியின் தலை அகன்றிருப்பதால் ஈனும்போது தாய் துன்புறுகிறாள். அமெரிக்க அளவுகோல், மூக்கின் மடிப்பு இரு கண்களுக்கும் நடுவே அமையவேண்டும் என்கிறது. ஆங்கில அளவுகோல், மூக்கு நுனியின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைத் தாண்டி மேலே போகக்கூடாது என்று எல்லை கட்டுகிறது. இடைவெளி ஒரு விரல் நுனிகூட இராது. என் எண்ணத்தில் ஆங்கிலேயர் விதியே மேல். அதுவும்கூடத் தாராளமான விதிதான். நடுவர் மேசையில் எந்த முகத்துக்கு நாடா கிடைக்கிறதோ, அந்த முகமே அடுத்த ஆண்டு எல்லா வீடுகளிலும் பிறக்கிறது.

நம் நாட்டு அங்காடிகளில் இதற்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. மூக்குள்ளதை "டால் ஃபேஸ்" என்றும், முகம் தட்டையானதை "பஞ்ச் ஃபேஸ்" என்றும் சொல்கிறார்கள். தட்டை முகத்துக்கே விலை அதிகம். மே மாதத்துத் தில்லி வெயிலில் மூச்சுக்குத் திணறப்போகும் பூனைக்கு நாம் அதிகப் பணம் கொடுக்கிறோம்! அதுவன்றி, நீண்ட உரோமமும் வெளிர் நிறமும் உள்ள எந்தக் கலப்புக் குட்டியையும் "ஹிமாலயன்" என்று விற்பவர்களும் உண்டு. கலப்புக் குட்டியை அன்போடு வளர்ப்பதில் குறையொன்றும் இல்லை. குலத்தின் விலையைக் கொடுத்து வாங்குவதில்தான் குறை.

ஆகையால் வாங்க எண்ணுவோர்க்கு நான்கு வார்த்தைகள். விற்பவர் கடைக்காரராயின், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு விதி. பதிவுச் சான்றைக் கேளுங்கள். வீட்டில் வளர்த்து விற்பவராயின், தாய்ப் பூனையைப் பார்க்கவேண்டுமென்று கேளுங்கள்; அது வாய் திறவாமல் அமைதியாக மூச்சு விடுகிறதா என்று சற்று நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். குட்டியின் கண்கள் நீலமாக இல்லையென்றால் அது ஹிமாலயன் அன்று. இதற்குச் சான்றிதழ் தேவையில்லை. குலப்பதிவுத் தாளில் கொள்ளுப் பாட்டனார் வரை பெயர்களும் பட்டங்களும் இருக்கும். சிறுநீரகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. அந்தச் சோதனை முடிவு தனித் தாள். தாய், தந்தை இருவருடைய தாள்களையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், கால்நடை மருத்துவரிடம் குட்டியைக் காட்டி, கன்னத்தை ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்; முடிவு வந்த பின்னர் பணத்தைக் கொடுங்கள். இதற்கு விற்பவர் இசையவில்லையானால், சீப்பு வாங்கும் செலவாவது மிச்சம் என்று எண்ணி வீடு திரும்பலாம்.